காமடோர் 64-இல் சி நிரல்: படங்களுக்கு நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கும் முறை

சிம்மக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் காமடோர் 64 கணினிக்காக என் அண்ணன் மகள் சி மொழியில் ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கட்டத்தாளில் 24-க்கு 21 கட்டங்களில் ஒரு மல்லிகை மொட்டை வரைந்து, அதை 63 பைட்டுகளாக மாற்றி, 12288 என்ற முகவரியில் நகலெடுத்து, ஸ்பிரைட்டாக, அதாவது திரையில் தனியே நகர்த்தக்கூடிய சிறு படமாக, நகர விட்டாள். இரண்டு நாள் எல்லாம் சரியாக ஓடியது. மதிப்பெண், ஒலி என்று நிரல் வளர்ந்த பிறகு மொட்டின் நடுவே சில புள்ளிகள் தோன்றின. கூடையில் மொட்டு விழும்போதெல்லாம் அவை இடம் மாறின. உற்றுப் பார்த்தால், அந்தப் புள்ளிகள் இரும எண்ணில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தன. மதிப்பெண்ணை வைத்திருந்த மாறியும் மொட்டின் படமும் நினைவகத்தில் ஒரே இடத்தில் குடியிருந்தன.

நிரலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. 12288-இல் படம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், நிரலின் பகுதிகளுக்கு முகவரி ஒதுக்கும் லிங்கருக்குத் தெரியாது. ஆகவே சி நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் கணினியின் நினைவக அமைப்பை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே நிரலை வளர்ப்பது நல்லது. சிசி65 கம்பைலரை வைத்து அதைச் செய்யும் முறையைக் கீழே எழுதுகிறேன். முகவரிகள் அனைத்தும் பதின்ம எண்களில் உள்ளன.

1982-இல் வெளிவந்த இந்தக் கணினியின் 6510 பிராசசர் 65536 முகவரிகளைப் பார்க்கும். சிசி65 தன் வழக்கமான அமைப்பில் நிரலை 2049-இல் தொடங்கி, 40960 முதல் 49151 வரை இருக்கும் பேசிக் மொழியின் ரோமை அணைத்துவிட்டு, 53247 வரை எடுத்துக்கொள்கிறது. ரோம் என்பது படிக்க மட்டுமே முடிகிற நினைவகம்; அதை அணைத்தால், அதன் அடியில் இருக்கும், எழுதவும் முடிகிற ராம் வெளிப்படும். 53248 முதல் 57343 வரை திரை, ஒலி முதலிய சிப்புகளைக் கட்டுப்படுத்தும் முகவரிகளான ரெஜிஸ்டர்கள்; அதற்கு மேல் கணினியின் அடிப்படை வேலைகளைச் செய்யும் கெர்னல் ரோம். சி மொழி தற்காலிக மதிப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டேக் 2048 பைட்டுகளை எடுத்துக்கொண்டு மேல் எல்லையிலிருந்து கீழ்நோக்கி வளரும்.

திரையை வரைகிற விக்-2 சிப்பின் பார்வை வேறு. அது ஒரே சமயத்தில் 16384 பைட்டுகளை மட்டுமே பார்க்கும். மதுரைக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று மாசி வீதி நான்கு இருப்பதைப் போல நினைவகமும் விக்-2 சிப்புக்கு நான்கு வீதிகள். அதனிடம் நாம் கொடுப்பது வீட்டு எண் மட்டுமே. எந்த வீதி என்பதை 56576 என்ற ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டுகள் சொல்கின்றன. கணினி தொடங்கும்போது விக்-2 முதல் வீதியில் நிற்கிறது. நம் நிரலும் அதே வீதியில்தான் தொடங்குகிறது. போதாததற்கு, 4096 முதல் 8191 வரை விக்-2 கண்ணுக்கு எழுத்துகளின் வடிவங்கள் இருக்கும் எழுத்து ரோம்தான் தெரியும். டேப்பைப் பயன்படுத்தாத நிரலில் மூன்றே படங்கள் போதுமென்றால், டேப் பஃபருக்குள் இருக்கும் 832, 896, 960 ஆகிய முகவரிகளில் வைத்துவிட்டு வேறு எதையும் மாற்றாமல் இருக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நான்காம் வீதிக்குக் குடிபெயர்வதே என் பரிந்துரை.

சிசி65-உடன் வரும் அமைப்புக் கோப்புகளில் காமடோர் 64-க்கு உரியதை உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அதன் தொடக்கத்தில் ஹைமெம் என்ற குறியீடு இருக்கும். நிரலின் மேல் எல்லையைக் குறிக்கும் அதன் மதிப்பை 53248-இலிருந்து 49152 ஆக மாற்றுங்கள். கம்பைல் செய்யும் கட்டளையில் இந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், இனி லிங்கர் 49152-ஐத் தாண்டி எதையும் வைக்காது. இடம் போதாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். மொட்டில் புள்ளி தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டளையில் மேப் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பகுதியும் எந்த முகவரியில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அதில் பார்க்கலாம்.

இப்படி விடுபட்ட 4096 பைட்டுகள் வீணின்றிப் பிரிகின்றன. 49152-இலிருந்து 1024 பைட்டுகள் திரைக்கு. 50176-இலிருந்து 1024 பைட்டுகள் பதினாறு ஸ்பிரைட்டுகளுக்கு, ஒன்றுக்கு 64 வீதம். 51200-இலிருந்து 2048 பைட்டுகள் எழுத்து வடிவங்களுக்கு. நான்காம் வீதியில் எழுத்து ரோம் விக்-2 சிப்புக்குத் தெரியாது என்பதால், எழுத்துகளை நாமே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அந்த வேலையில்தான் கவனம் அதிகம் வேண்டும். முதலில் இன்டரப்டை, அதாவது ஓடும் நிரலை அவ்வப்போது இடைமறித்து கெர்னலை வேலை செய்ய விடும் அழைப்பை, நிறுத்துங்கள். பிறகு முகவரி 1-இன் பழைய மதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டு, அதில் 50 எழுதுங்கள். இப்போது ரெஜிஸ்டர்கள் மறைந்து, அந்த இடத்தில் எழுத்து ரோம் தெரியும். 55296-இலிருந்து 2048 பைட்டுகளை 51200-க்கு நகலெடுத்து, முகவரி 1-இல் பழைய மதிப்பை எழுதிய பின்பே இன்டரப்டை மீண்டும் இயக்குங்கள். இன்டரப்டை நிறுத்தாமல் விட்டால், கெர்னல் தேடும் சிஐஏ என்ற உள்ளீடு-வெளியீட்டுச் சிப் அந்த நேரத்தில் அங்கே இல்லாததால் கணினி உறைந்து நிற்கும். 53248-இலிருந்து நகலெடுக்காமல் 55296-இலிருந்து எடுப்பதற்கும் காரணம் உண்டு: சிசி65 நிரல்கள் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் உள்ள இரண்டாம் தொகுதியைப் பயன்படுத்துகின்றன, முதல் தொகுதியை எடுத்தால் பேரெழுத்துகளின் இடத்தில் கோடுகளும் கட்டங்களும் வரும்.

அடுத்து 56576-இன் கடைசி இரண்டு பிட்டுகளை மட்டும் சுழியமாக்குங்கள். மற்ற பிட்டுகள் டிஸ்க் டிரைவுடன் பேசுபவை, அவற்றைத் தொடக் கூடாது. 53272-இல் 2 எழுதுங்கள். 648-இல் 192 எழுதினால் கெர்னலுக்குத் திரை இடம் மாறியது தெரியும். அதன் பிறகு கட்டாயமாக ஒருமுறை திரையைத் துடைக்கும் ஃபங்ஷனை அழையுங்கள், ஏனென்றால் வரிகளின் முகவரிப் பட்டியலை கெர்னல் அப்போதுதான் புதிதாகக் கட்டுகிறது. 657-இல் 128 எழுதிவிடுவதும் நல்லது. இல்லையென்றால் விளையாடுபவர் ஷிஃப்டையும் காமடோர் விசையையும் சேர்த்து அழுத்தும்போது 53272-இன் ஒரு பிட் மாறி, திரையின் உள்ளடக்கமே எழுத்து வடிவமாகக் காட்டப்படும்.

ஸ்பிரைட்டுகளின் வீட்டு எண்களை 50168 முதல் எட்டு முகவரிகளில் எழுத வேண்டும். வீதியின் தொடக்கத்திலிருந்து 64 பைட்டுக்கு ஒரு வீடு என்று சுழியத்திலிருந்து எண்ணினால், 50176-இல் உள்ள முதல் படத்தின் எண் 16, அடுத்தது 17. மல்லிகை மொட்டை 50176-க்கு நகலெடுத்து, 50168-இல் 16 எழுதி, 53269-இல் 1 எழுதினால் முதல் ஸ்பிரைட் உயிர் பெறும். கிடைமட்ட இடம் 255-ஐத் தாண்டினால் ஒன்பதாம் பிட் 53264-இல் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சி மொழியின் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு. சிசி65-இல் இன்ட் 16 பிட், ஃப்ளோட் கிடையாது. எண்ணிகளை அன்சைன்ட் சார் ஆகவும், ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறிகளை ஸ்டேடிக் ஆகவும் அறிவித்தால், மென்பொருள் ஸ்டேக்கைத் தொட வேண்டாததால் வேகம் நன்றாகவே கூடும். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனில் மட்டும் ஸ்டேடிக்கைத் தவிர்க்க வேண்டும். வேகத்தைக் காலத்தோடு பொருத்தும்போது 678-ஐப் பாருங்கள்: 1 என்றால் பால், 0 என்றால் என்டிஎஸ்சி; இரண்டும் டிவி ஒளிபரப்பு முறைகள். நம் ஊர் டிவிக்கு ஏற்ற பால் கணினி நொடிக்கு 50 முறை திரையை வரையும்; என்டிஎஸ்சி 60 முறை.

நிரல் முடியும்போது எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 53269-இல் 0, 56576-இன் கடைசி இரண்டு பிட்டுகளில் 3, 53272-இல் 23, 648-இல் 4, 657-இல் 0 என்று எழுதி, மறுபடியும் திரையைத் துடைத்த பிறகு மெயின் ஃபங்ஷனிலிருந்து வெளியேறினால், பேசிக்கின் ரெடி என்ற சொல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வந்து நிற்கும்.