வேத்து முகம் பார்க்கும் குழந்தை: நாம் செய்யும் தவறுகள்

அப்பா திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு வருகிறார். கைக்குழந்தை அவரைப் பார்த்து மிரள்கிறது. "அதுக்குள்ள மறந்துட்டானா?" என்று அவருக்கு மனசு சுருங்கிப் போகிறது. மறதி என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை, புதியவர் முகத்தைவிட அம்மாவின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்க்கும். ஆனால் தலைமுடி தெரியாதபடி துணி கட்டிக்கொண்டு சோதித்தபோது (1995இல் வெளியான ஆய்வு) அந்த வேறுபாடு காணாமல் போனது. பச்சிளங்குழந்தை பெரிதும் நம்புவது முடியும் நெற்றியும் சேரும் விளிம்பை. கண், மூக்கு, வாய் இவற்றின் அமைப்பைப் படிக்கப் பல மாதங்கள் பிடிக்கும். மொட்டை அப்பா கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் போதும், குரல் பழகினதுதானே.

அறையின் அந்தக் கோடியிலிருந்து கையாட்டிவிட்டு "முகம் பார்க்கவே மாட்டேங்குது" என்று கவலைப்படுவோரும் உண்டு. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்வரைதான் ஓரளவு தெளிவு. மடியில் கிடக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் அது.

"அம்மாவைப் பார்த்ததும் மூளையில் பெரிய அலை" என்று செய்தி வந்தால் அதைப் பாச மீட்டராக எடுத்துக்கொள்கிறோம். 1997இல் டி ஹான், நெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளுக்கு, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் மின்முனைத் தொப்பி மாட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் முகத்துக்கும், அவரைப் போலவே இல்லாத ஒரு புதியவரின் முகத்துக்கும் இடையே, அம்மாவுக்குத்தான் அலை பெரிதாக எழுந்தது. அதே அலை நான்கு வயதை ஒட்டிய பிள்ளைகளிடம் புதியவருக்குப் பெரிதாக எழுகிறது. அம்மா மேல் பாசம் வற்றிவிட்டதா என்ன? அந்த அலை சொல்வது கவனம் எங்கே போகிறது என்பதை மட்டும்தான்.

எட்டு மாத வாக்கில் வேத்து முகம் வரும். "மாமாகிட்ட போ" என்று திணிக்காதீர்கள். உங்கள் இடுப்பில் இருந்தபடியே அவரைப் பார்த்துப் பழகட்டும். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. மூன்று மாதமாகியும் முகத்தை நிலைத்துப் பார்க்காத குழந்தையை "போகப் போக சரியாகிடும்" என்று விட்டுவைப்பது. பிறவியிலேயே இரு கண்ணிலும் புரை இருந்து, முதல் சில மாதங்கள் பார்வை மறைந்திருந்தவர்களை 2001இல் ஒரு ஆய்வு பரிசோதித்தது. புரையை அகற்றி ஒன்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும், கண்ணுக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் மாறிய முகங்களைப் பிரித்தறிய அவர்கள் தடுமாறினார்கள். கண்மணி நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ, அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காமல் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். புரை மட்டுமல்ல, கண்ணுக்குள் வரும் புற்றுநோயும் அப்படித்தான் தெரியும்.