கரண்ட் போனாலும் தரை நனையாத இரண்டடி மீன் தொட்டி: கண்ணாடி வெட்டுவதிலிருந்து விளக்கு வரை

மேலே இரண்டடி மீன் தொட்டி, ஸ்டாண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன சம்ப். தண்ணீர் மேலிருந்து தானாக வழிந்து கீழே இறங்கும், அங்கே வடிகட்டி, மோட்டார் திரும்ப மேலே தள்ளும். மீன் இருக்கும் தொட்டிக்குள் ஃபில்டர், ஒயர் எதுவும் தலைகாட்டாது, மொத்தத் தண்ணீரும் கூடுவதால் அழுக்கும் சீக்கிரம் ஏறாது. கண்ணாடி ஒட்டுவதற்கும் செடி நடுவதற்கும் வீடியோ கொட்டிக் கிடக்கிறது, அதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். குழாய் வேலையில்தான் நிற்கப் போகிறேன். ஏனென்றால் நம் கோயமுத்தூர்ப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும், அந்த நேரம் பார்த்து வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

கண்ணாடி

6 மி.மீ. சாதா கண்ணாடி போதும். அடிக்கு 60 × 30 செ.மீ. ஒன்று, முன்னும் பின்னும் 60 × 36 இரண்டு, பக்கத்துக்கு 28.6 × 36 இரண்டு. பக்கக் கண்ணாடி 30 வராதா என்று கடைக்காரர் கேட்பார். முன்பின் கண்ணாடிகளின் தடிமன் 12 மி.மீ. கழித்து, சிலிகானுக்கு இரு புறமும் ஒரு மி.மீ. விட்டால் 28.6 தான். சம்புக்கு வெளி அளவு 45 × 30 × 30, 5 மி.மீ. கண்ணாடியே தாங்கும். விளிம்புகளைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒட்டும்போது விரல் கிழியும்.

டஃபன்டு கண்ணாடி மிச்சம் கிடக்கிறது, சல்லிசாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அதில் ஓட்டை போட முடியாது, டிரில் பட்டவுடன் மொத்தமும் பொடியாக உதிர்ந்துவிடும்.

ஓட்டையை ஒட்டுவதற்கு முன்பே போட வேண்டும். ஓவர்ஹெட் டேங்குக்குப் போடுகிறோமே, அதே 25 மி.மீ. டேங்க் கனெக்டர் இங்கேயும் போதும். கனெக்டரைக் கையோடு எடுத்துப் போய் அதன் மரை வெளிவிட்டத்தை அளந்து, அதற்கேற்ற டைமண்ட் பிட் போடச் சொல்லுங்கள். கதவுக் கண்ணாடிக்கு ஓட்டை போடும் கடையாக இருந்தால் அவர்களே முடித்துக் கொடுப்பார்கள். நீங்களே போடுவதானால் பின்பக்கம் டேப் ஒட்டி, ஓட்டையைச் சுற்றிக் களிமண்ணில் ஒரு வரப்பு கட்டித் தண்ணீர் நிற்கவிட்டு, ஹேமர் மோடை அணைத்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் ஓட்டுங்கள். ஓட்டையின் நடுப்புள்ளி பின்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து 9 செ.மீ. கீழே இருக்கட்டும்.

சிலிகான் என்றால் வினிகர் வாசம் அடிக்கும் சாதா ஜி.பி. (ஜெனரல் பர்பஸ்) சிலிகான். பூஞ்சை பிடிக்காது என்று எழுதியிருக்கும் பாத்ரூம் வகை வேண்டவே வேண்டாம், அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. ஒட்டியபின் ஒரு வாரம் தொடாதீர்கள்.

ஸ்டாண்டு 75 செ.மீ. உயரம். எல்லாம் நிரம்பியபின் மேலும் கீழுமாக 100 கிலோவைத் தாண்டும், அதனால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் தெர்மாகோல் போட்டு வையுங்கள்.

இறங்கும் குழாய்

டேங்க் கனெக்டரின் வாஷர் தொட்டியின் உள்பக்கம் வர வேண்டும். கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று மட்டும் ஸ்பேனரில். உள்ளே மேல்நோக்கி ஒரு எல்போ, அதன் மேல் சின்னத் துண்டுக் குழாய். இந்தத் துண்டின் வாய்தான் தொட்டியின் நீர்மட்டத்தை முடிவு செய்கிறது. அடியிலிருந்து 32 செ.மீ. வரும்படி அறுத்துக்கொண்டால் மேலே 4 செ.மீ. காலி இருக்கும். அந்த 4 செ.மீ. எதற்கு என்று பிறகு வருகிறேன். வாயில் ஒரு வலை, இல்லையென்றால் கப்பி குஞ்செல்லாம் சம்பில்தான் வளரும்.

வெளிப்பக்கம் எல்போ போடாமல் மூன்று வாயுள்ள டீ போடுங்கள். டீயின் கீழ்வாய் சம்புக்கு, மேல்வாய்க்கு எண்ட் கேப், கேப்பில் 3 மி.மீ. அளவில் ஒரு துளை. இந்தத் துளை இல்லையென்றால் குழாய் முழுக்கத் தண்ணீர் அடைத்து உறிஞ்சி இழுக்கும், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து விட்டுவிடும், மறுபடி இழுக்கும். ராத்திரி முழுக்க யாரோ ஃப்ளஷ் செய்துகொண்டே இருப்பது போலக் கேட்கும். கீழ்முனை சம்புத் தண்ணீரில் ஒரு செ.மீ. மட்டும் மூழ்கினால் போதும். இறங்கும் குழாயில் வால்வு எதுவும் வேண்டாம்.

பிவிசி சொல்யூஷன் போட்டு ஒட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கனெக்டருக்கு வெளியே ஒரு யூனியன் வைத்தால், கழற்றிக் கழுவ அறுக்க வேண்டியதில்லை.

ஏறும் குழாய், அதாவது தரையை நனைக்கும் குழாய்

இதற்குப் பிவிசி வேண்டாம் என்பது என் கட்சி. சொட்டுநீர்ப் பாசனக் கடைக்குப் போய் 16 மி.மீ. லேட்டரல் குழாய் இரண்டு மீட்டர், ஒரு குட்டி வால்வு, இரண்டு எல்போ வாங்குங்கள். வளையும், சத்தம் கடத்தாது, தோட்டத்துக்கு வாங்கிப் புதுசாகவே மிச்சம் கிடந்தால் அதுவும் ஆகும். உரம் ஓடிய பழைய குழாய் மட்டும் வேண்டாம்.

மோட்டார் விஷயத்தில் கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை, ஹெட் (மோட்டார் தண்ணீரை ஏற்றும் உயரம்) என்றால் என்னவென்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் மீன் கடையில் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்புகிறார்கள். 1,000 லிட்டர், 2 மீட்டர் என்று போட்டிருந்தால் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று பொருள். நமக்கு ஏற வேண்டியது ஏறக்குறைய ஒரு மீட்டர், அங்கே அதில் பாதிதான் கிடைக்கும். மேலும் கீழும் சேர்த்து 75 லிட்டர் தண்ணீருக்கு மணிக்கு 400 முதல் 600 லிட்டர் ஓடினால் தாராளம். அதிகமானால் குட்டி வால்வில் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது கரண்ட் போகிறது. மோட்டார் நின்றதும் ஏறும் குழாயில் இருக்கும் தண்ணீர் கீழே திரும்பும். அதோடு நிற்காது, தொட்டிக்குள் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரைக்கும் தொட்டித் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியின் உள்பரப்பு ஏறக்குறைய 1,700 சதுர செ.மீ., அதாவது ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 1.7 லிட்டர். அழகுக்காகக் குழாய் வாயை 15 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தால் 25 லிட்டர் கீழே வரும். சம்பில் ஒரு செ.மீ.க்கு 1.27 லிட்டர்தான் பிடிக்கும். ஏற்கெனவே 20 செ.மீ. மட்டத்தில் தண்ணீர் நிற்கும் 30 செ.மீ. சம்ப் இதைத் தாங்காது, பத்து லிட்டராவது தரைக்குப் போகும். அதே வாய் 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால், குழாயில் நிற்பதையும் சேர்த்து 4 லிட்டர்தான் இறங்கும். சம்ப் சலனமில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

அதனால் வாயை 2 செ.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். கூடுதல் காப்புக்கு, வாய்க்குச் சற்று மேலே, தண்ணீர் மட்டத்துக்கு அரை செ.மீ. கீழே, குழாயில் ஒரு துளை போடுங்கள். மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்று இழுத்து உறிஞ்சல் அறுந்துவிடும். ஓடும்போது அதில் ஒரு பீச்சல் வரும், அது தொட்டிக்குள்ளேயே விழும்படி திருப்பிக்கொள்ளுங்கள்.

பைப் கடையில் இதைச் சொன்னால், "ஏனுங்க இத்தன கணக்கு, ஒரு என்.ஆர்.வி. போட்டுட்டா முடிஞ்சுதுங்க" என்பார்கள். தண்ணீரைத் திரும்பி வர விடாத அந்த ஒருவழி வால்வு கிணற்று மோட்டாருக்குச் சரி. மீன் தொட்டியில் ஒரு நத்தைக் குஞ்சு, ஒரு பாசித் துணுக்கு அந்த வால்வின் நாக்கில் மாட்டினால் மூடாது, மூடவில்லை என்பதும் கரண்ட் போகிற வரைக்கும் தெரியாது. உயரம் பழுதாகாது, வால்வு பழுதாகும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. இறங்கும் குழாயின் வலையை ஒரு செடி இலை அடைத்துக்கொண்டால் மோட்டார் சம்பைக் காலி செய்து மேலே நிரப்பும். அதற்குத்தான் அந்த 4 செ.மீ. காலி இடம், 6.8 லிட்டர் பிடிக்கும். சம்பை இரண்டு தடுப்புக் கண்ணாடியால் மூன்று அறையாக்கி, தடுப்பு 20 செ.மீ. உயரம், மோட்டார் இருக்கும் கடைசி அறை 15 செ.மீ. அகலம், அதில் தண்ணீர் 15 செ.மீ. மட்டும் என்று வைத்துக்கொண்டால் அங்கே 6.5 லிட்டருக்கு மேல் இருக்காது. மோட்டார் வறண்டுபோகுமே ஒழிய மேலே தொட்டி பொங்காது. மோட்டார் போனால் வேறு வாங்கலாம், கீழே விரித்த பாயையும் யுபிஎஸ்ஸையும் நனைக்க வேண்டாம்.

மீன் விடுவதற்கு முன்னால், எல்லாம் ஓடும்போது சுவிட்சை அணைத்து, மட்டம் நின்ற இடத்தில் மார்க்கரில் கோடு போடுங்கள். திரும்பப் போடுங்கள், திரும்ப அணையுங்கள். பிறகு வலையைக் கையால் அடைத்துப் பாருங்கள். நான்கைந்து தடவை இதைச் செய்து தரை காய்ந்திருந்தால் மேலே போகலாம்.

முதல் அறையில் ஸ்பாஞ்ச், நடு அறையில் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் பத்துப் பதினைந்து. கடையில் விற்கும் பீங்கான் வளையம் நல்லதுதான், ஆனால் அதில் குடியேறித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவுக்கு விலை தெரியாது. சோப்புத் தடவிய நார் வாங்கிவிடாதீர்கள்.

தண்ணீரும் கல்லும்

சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் கொடுத்து வைத்தவர்கள், மென்மையான தண்ணீர், டெட்ரா வகைகள் நன்றாக வரும். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் போர்த் தண்ணீர்தான் என்றால் அதோடு சண்டை போடாதீர்கள், கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் உப்புத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்க ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) படிகம் ஒரு சிட்டிகை. சாயப்பட்டறை கெமிக்கல் கடைகளிலும் இது கிடைக்கும், மீன் கடையில் அதையே கரைத்துக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள்.

அழகான கல்லாகப் பொறுக்கிக்கொண்டு வரும்போது அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், மதுக்கரைப் பக்கம் நிறைய உண்டு, தண்ணீரை இன்னும் கடினமாக்கும். கருங்கல் ஜல்லி பயமில்லாமல் போடலாம்.

மீனை நான்கு வாரமாவது கழித்து, இரண்டு இரண்டாக விடுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த நாரில் குடியேற அவ்வளவு நாள் ஆகும்.

விளக்கு

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா பாசிக்கு 2 அடி எல்இடி பேட்டன் 10 வாட், 6500 கெல்வின், ஒன்று போதும். அலுமினிய வேலைக் கடையில் ஒரு சேனல் வெட்டி வாங்கி அதற்குள் மாட்டி, தொட்டியின் மேல் 4 மி.மீ. கண்ணாடி மூடி போட்டுவிட்டால் ஈரம் ஏறாது. ஊதா, சிவப்பு கலந்த விளக்கெல்லாம் கல்யாண மண்டபத்துக்குச் சரி. ஒயர் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எர்த்தும், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாத லைனில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

தினமும் 7 மணி நேரம் எரியட்டும், கூடினால் பாசி. சுற்றும் முள் வைத்த டைமர் வாங்காதீர்கள், கரண்ட் போன நேரமெல்லாம் அது பின்தங்கி, ஒரு பராமரிப்பு நாள் கழித்து நடுராத்திரியில் விளக்கெரிக்கும். உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமர்தான் நமக்குச் சரி.

பின்சேர்க்கை 1

பல்லடத்திலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஏறும் குழாயின் காற்றுத் துளை சில மாதத்தில் உப்புப் படிந்து மூடிக்கொண்டதாம். போர்த் தண்ணீர் என்றால் இது நடக்கும். வாரம் ஒரு தடவை பல்குத்தும் குச்சியை விட்டுப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் அந்த முனையைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். வாய் 2 செ.மீ. ஆழத்திலேயே இருந்ததால் அவர் வீட்டில் தரை நனையவில்லை.

பின்சேர்க்கை 2

ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில், முக்கியமாகப் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம், சம்புத் தண்ணீர் வேகமாக வற்றுகிறது, மோட்டார் காற்று இழுத்துக் கரகரக்கிறது என்று பலர் கேட்டார்கள். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். அதனால் குறைந்ததை போர்த் தண்ணீரால் நிரப்பாமல் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். கடைசி அறையில் 15 செ.மீ. கோட்டுக்கு மேல் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் மேலே சொன்ன 6.5 லிட்டர் கணக்கு தப்பிவிடும்.