மனுப் பட்டியலில் இரண்டு கோமதிகள்

கையெழுத்து இயக்கத்துக்காக இணையப் படிவத்தில் சேர்ந்த பெயர்களை விரிதாளில் போட்டு, இரட்டைப் பதிவுகளை நீக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் ஒழுங்காகக் கழிந்தன. ஆனால் ஒரே பிறந்த தேதியுடன் ‘கோமதி’ இரண்டு முறை நின்றார். ஒருவரை இருமுறை எண்ணினாலே போதும், மொத்த மனுவையும் ஒதுக்க எதிர்த்தரப்புக்குச் சாக்கு கிடைத்துவிடும்.

இடைவெளிகளை நீக்கினேன், எழுத்துருவை மாற்றினேன், கோப்பை மறுபடி இறக்கினேன். பலனில்லை. நாட்கள்தான் போயின.

அப்புறம் நீளத்தைக் கணக்கிடும் ‘லென்’ சார்பைப் போட்டேன். ஒரு கோமதிக்கு 5, இன்னொருவருக்கு 6! எழுத்துக் குறிகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘ோ’ ஒரே குறியாகவும் (3019) வரலாம். ‘ே’, ‘ா’ என இரண்டாகவும் (3015, 3006) வரலாம். தட்டச்சுச் செயலியைப் பொறுத்தது அது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் சார்பை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ முறையில் பெயர்கள்மேல் ஓட்டியதும் எல்லாம் ஒற்றைக் குறிக்கு வந்தன, இரட்டைகள் கழிந்தன. அப்பாடா!

‘ௌ’ மட்டும் தனிக் கதை. சிலர் ஒற்றைக்கொம்புக்குப் பின் ‘ள’ தட்டியிருந்தார்கள். அது வேறு எழுத்து, என்எஃப்சி தொடாது. கௌரிகளைக் கையால்தான் திருத்தினேன்.