குப்பைமேட்டுக் கசிவுநீரை நாணல் தொட்டியில் சுத்திகரிப்பது எப்படி?

மழைநீர் குப்பைமேட்டுக்குள் இறங்கி, அழுகியதையெல்லாம் கரைத்துக்கொண்டு அடியில் வடிகிறதே, அந்தக் கரும்பழுப்புத் தண்ணீர்தான் கசிவுநீர். செடி அதைக் குடித்துச் சுத்தமாக்கிவிடும் என்று நினைத்து ஆரம்பித்தால் ஏமாற்றம்தான். முக்கால்வாசி வேலை வேரையும் ஜல்லியையும் ஒட்டி வாழும் பாக்டீரியாவுடையது. செடி அதற்கு இடமும் கொஞ்சம் ஆக்சிஜனும் தருகிறது.

முதலில் தொட்டி. கசியாததாக, 60 செ.மீ. ஆழம் இருக்கட்டும். 8 முதல் 16 மி.மீ. வரையுள்ள ஜல்லியைத் தூசி போகக் கழுவி நிரப்புங்கள். ஒரு முனையில் மேலே தண்ணீர் நுழையட்டும். எதிர்முனையில் அடிக்குழாயை எல்போ (வளைவு இணைப்பு) வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள். எல்போவின் வாய் ஜல்லிப் பரப்புக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் தண்ணீர் வெளியே தெரியாது, கொசுவும் வராது.

நாணல் அல்லது சம்பு, முளை உள்ள கிழங்குத் துண்டாக நடுங்கள். நல்ல தண்ணீரும் துளி உரக்கரைசலும் போதும். புதுத் தளிர்கள் முழங்கால் உயரம் வரும்வரை கசிவுநீரைத் தொடவே வேண்டாம்.

அப்புறம்தான் பழக்குவது. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பழைய குப்பைமேட்டுக் கசிவுநீரில் லிட்டருக்கு 1,000 மி.கி.க்கு மேல்கூட அம்மோனியா இருக்கலாம். அப்படியே ஊற்றினால் இலைநுனி மஞ்சளாகி, நெருப்பில் காட்டிய காகிதம்போலச் சுருளும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செறிவைக் கூட்டுங்கள். நுனி கருகினால் ஒரு படி பின்வாங்குங்கள். நீர்த்துவிடுவது செடியைப் பழக்கத்தான், அதைச் சுத்திகரிப்பு என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

தொட்டியில் விடுமுன் கசிவுநீரை ஒருநாள் திறந்த வாளியில் வைத்துக் கிளறினால் இரும்பு துருவாகப் படியும். இல்லையேல் அந்த ஆரஞ்சுச் சேறு ஜல்லியை அடைத்துவிடும். கையுறை போட்டு, திறந்தவெளியில் செய்யுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? 100 லிட்டர் ஜல்லியின் இடுக்குகளில் சுமார் 40 லிட்டர் நிற்கும். நாளுக்கு 5 லிட்டர் விட்டால் 8 நாள் தங்கும். அம்மோனியா குறையாவிட்டால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். வாரம் சில முறை தொட்டியை வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

நிறம் போகவில்லையே என்று கவலைப்படாதீர்கள், பழுப்பு கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அம்மோனியாவையும் நீரின் அளவையும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் குறியுங்கள். இலைகள் நீரை ஆவியாக்குவதால் உப்பின் செறிவு ஏறியிருக்கும். வெளிவந்த நீரை நிலத்தில் விடாமல் மூடிய கேனில் சேர்த்து, சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்படையுங்கள். அறுத்த நாணலில் உலோகங்கள் இருக்கலாம். மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழியிலும் சேர்க்காதீர்கள்.