கண்ணாடி உறை பின்னும்போது கை தவறும் இடங்கள்

அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்காக நான் முதன்முதலில் பின்னிய உறை இப்போது டிவி ரிமோட்டுக்குச் சட்டையாக இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் வந்தது. ஆனால் அப்பா செருப்பு மாட்டக் குனிந்தபோதெல்லாம் சட்டைப்பையில் உறை இருந்தது, கண்ணாடி தரையில் இருந்தது. ஸ்வெட்டர் பின்னிப் பழகிய கையோடு உறைக்கு வந்ததன் விளைவு அது. ஸ்வெட்டருக்கு வேண்டிய மென்மையும் இழுவையும் உறைக்கு ஆகாது.

முதல் தவறு ஊசியில். நூலுருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் ஊசி 4 மி.மீ. என்று போட்டிருந்தால் நாம் அதையே எடுக்கிறோம். அது உடுப்புக்குச் சொன்ன அளவு. உறைக்கு 3 அல்லது 3.25 மி.மீ. ஊசி எடுங்கள். விரல் கொஞ்சம் வலிக்கும். துணி கெட்டியாக நிற்கும்.

அடுத்தது, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) விழுகிறது என்று பார்க்க ஒரு மாதிரித் துண்டு பின்னாமல் நேரே வேலையைத் தொடங்குவது. 'இத்துனூண்டு உறைக்கு மாதிரி எதற்கு' என்று நானும் கேட்டவள்தான். கணக்கைப் பாருங்கள். மடித்த கண்ணாடியைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்தால் 16 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்துணிக்காக 1 செ.மீ. கூட்டினால் 17. உங்கள் கைக்கு 10 செ.மீ.க்கு 26 கண்ணிகள் விழுமானால் 44 கண்ணிகள் போதும். தட்டையாகப் பின்னி ஓரம் தைப்பதானால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கூடுதல். அதே 44 கண்ணிகளை 10 செ.மீ.க்கு 22 விழும் தளர்ந்த கையால் பின்னினால் சுற்றளவு 20 செ.மீ. ஆகிவிடும். நாலே கண்ணி வித்தியாசம்தான்; உறைக்குள் 3 செ.மீ. இடைவெளி. பருத்தி நூலென்றால் மாதிரியைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளக்க வேண்டும்.

ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (எதிர்க் கண்ணி) என்று போனால் வாய் ஓரம் சுருண்டுகொள்ளும். வாய்ப்பக்கத்துக் கடைசி ஆறு வரிசைகளை நிட்டாகவே பின்னினால் சுருளாது. முடிக்கும்போது இறுக்கி முடிப்பவர்களும் உண்டு. கண்ணாடி நுழையும் வழியே அதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். முடிக்கும் வரிசைக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுத்தால் தீர்ந்தது.

உள்துணி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'உல்லன் மெத்தென்றுதானே இருக்கிறது, கண்ணாடியைக் கீறுமா?' என்பார்கள். உல்லன் கீறாது. அதன் கண்ணிகளுக்குள் போய் உட்காரும் மணலும் தூசியும் கீறும். இன்றைய கண்ணாடிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் வில்லைகள். எளிதில் கோடு விழும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியைவிட நல்ல உள்துணியை நான் கண்டதில்லை. இதிலும் ஒரு தவறு காத்திருக்கிறது: உறையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவெடுப்பது. கைவிட்டதும் உறை சுருங்கும், துணி சுருங்காது, உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். மேசையில் தட்டையாக வைத்து அளவெடுத்து, தையலுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அடிப்பக்கத்து மூலைகளில் உள்துணியை உறையோடு இரண்டு தையல் பிடிக்காவிட்டால், கண்ணாடியை எடுக்கும்போது துணியும் கூடவே நாக்கை நீட்டிக்கொண்டு வரும்.

ஜிப் வேண்டாம். அதன் உலோகப் பல் ஒவ்வொரு முறையும் வில்லையை உரசும். மரப் பொத்தானும் நூல் வளையமும் போதும், ஆனால் பொத்தானைப் பின்னலில் மட்டும் தைத்தால் இரண்டே மாதத்தில் கண்ணியோடு பிய்த்துக்கொண்டு தொங்கும். உட்புறம் ஒரு சிறிய துணித்துண்டு கொடுத்துத் தையுங்கள். உள்துணி வைக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

நூல் தீர்ந்து புது உருண்டை சேர்க்கும்போது நடுவில் முடிச்சுப் போடாதீர்கள். அந்த முடிச்சு சரியாக வில்லையின் மேல்தான் போய் அழுத்தும். வரிசையின் ஓரத்தில் சேர்த்து, நுனிகளை 5 செ.மீ. அளவுக்குக் கண்ணிகளுக்குள் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டிய நுனி அடுத்த துவைப்பிலேயே வெளியே எட்டிப் பார்க்கும்.

அப்பாவுக்கான இரண்டாவது உறை 46 கண்ணி, பழுப்பு நிறம். 'நுழையவே மாட்டேன் என்கிறதே' என்று முதல் வாரம் குறைபட்டுக்கொண்டார்.