குடும்ப வன்முறை: சட்ட உதவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"புகார் கொடுத்தால் அவரை ஜெயிலில் போட்டுவிடுவார்கள், அப்புறம் குடும்பமே போச்சு" என்ற பயத்தில் பல பெண்கள் வருடக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். இந்தியாவின் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படிப்பட்டதல்ல. விவாகரத்து கேட்காமலே, கைது செய்யச் சொல்லாமலே, 'இனி இவர் அடிக்கவோ மிரட்டவோ கூடாது' என்று நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். செலவுக்குப் பணமும், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையும் கேட்கலாம். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுமைக்கான குற்ற வழக்கு இதிலிருந்து தனி.

"வீடு மாமியார் பேரில் இருக்கிறது, உனக்கென்ன உரிமை?" என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது இன்னொரு தவறு. யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து குடும்பம் நடத்திய வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு. கணவரின் பெற்றோருக்குச் சொந்தமான வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் வெளியேறுங்கள், 112ஐ அழையுங்கள். வெளியேறியதாலேயே உரிமை போய்விடாது. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

காயம் இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்பதும் பொய். கேவலமாகத் திட்டுவது, சம்பளத்தைப் பிடுங்குவது, சாப்பாட்டுக்கே பணம் தராமல் விடுவது எல்லாம் சட்டத்தின் பார்வையில் வன்முறைதான். காயம் இருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வதுதான் மருத்துவக் குறிப்பில் ஏறும். பிறகு நீதிமன்றத்தில் அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராக நிற்கும். மிரட்டல் மெசேஜ்களையும் அழிக்க வேண்டாம். போனை அவர் சோதிப்பார் என்றால், நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

காவல் நிலையத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சமரசம் பேசும்போது, "இனி எந்தப் புகாரும் இல்லை" என்ற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும், எண் 15100. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாதவர்கள் பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழைக்கலாம். அரசின் பெண்கள் உதவி மையமான சகி மையத்தில் சில நாள் தங்குமிடம், சிகிச்சை, சட்ட ஆலோசனை மூன்றும் கிடைக்கும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுதவே உதவுவார்.

மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுத்துக்கொண்டே போகலாம். அதனால் முதல் மனுவிலேயே, வழக்கு முடியும்வரை பாதுகாப்புத் தரும் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அவசரம் இருப்பதைப் பிரமாணப் பத்திரத்தில் விளக்கினால், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே நீதிபதி உத்தரவிட முடியும்.