பொய்ப் பதிப்புரிமைப் புகாரில் பறிபோன பாட்டு வீடியோவை மீட்ட வழி

கோத்தகிரியில் ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், எனக்கு நான்காம் வகுப்பு எடுத்த டீச்சர் பாரதியார் பாடல் ஒன்றைப் பாட, நான் அதைப் பதிவு செய்தேன். ஊர் விழாக்களில் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த பரம ரசிகன் நான். குன்னூர் மலை ரயில், கோடநாடு காட்சிமுனை, தேயிலைச் சரிவில் இறங்கும் மூடுபனி என நானே எடுத்து வைத்திருந்த காட்சிகளை அந்தக் குரலோடு கோத்து யூடியூபில் ஏற்றினேன். மறுநாள் காலையில், கேள்விப்படாத ஓர் இசை நிறுவனம் அது தன்னுடைய பாட்டு என்று உரிமை கொண்டாடியது. மார்கழியில்தான் வீடியோ திரும்பக் கிடைத்தது. இடையில் நான் செய்த பிழைகளை நீங்கள் செய்யாமலிருக்க இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைப்பாடலின் ஒலித்தடத்தை அப்படியே எடுத்து, பிடித்த நடிகரின் காட்சிகளை ஒட்டி ஏற்றியவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. விளக்கப் பகுதியில் ‘உரிமை அனைத்தும் தயாரிப்பாளருக்கே’ என்று எழுதுவதால் பயன் இல்லை. 30 நொடிக்குள் பயன்படுத்தினால் குற்றமில்லை என்பதும் கட்டுக்கதை. உங்கள் மீது வந்த புகார் உண்மையிலேயே பொய்யாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

படி 1: வந்திருப்பது எது?

யூடியூப் ஸ்டுடியோவைக் கணினியின் உலாவியில் திறந்து, வீடியோவுக்கு எதிரே ‘கட்டுப்பாடுகள்’ என்ற பகுதியைப் பாருங்கள். அலைபேசிச் செயலியில் இதைச் செய்யப் போனால் பாதி விவரம் கண்ணில் படாது. எனக்கு அது பிடிப்பதே இல்லை. அங்கே இருப்பது கன்டென்ட் ஐடி உரிமைகோரல் என்றால், இயந்திரம் ஒலியை ஒப்பிட்டுத் தானாகப் போட்டது. வருமானம் அவர்களுக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தடைபடலாம். ஆனால் ஸ்டிரைக், அதாவது சேனல் மீது பதியப்படும் விதிமீறல் எச்சரிக்கை, விழாது. நீக்கக் கோரிக்கை என்பது வேறு. சட்டப்படி ஒருவர் புகார் கொடுத்து வீடியோவை இறக்குவது அது. அதோடு ஸ்டிரைக் வரும். 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும்.

பயந்துபோய் வீடியோவை அழித்துவிடாதீர்கள். அழித்தாலும் ஸ்டிரைக் நீங்காது.

படி 2: எந்த நொடியில் பிடித்தது?

உரிமைகோரலின் விவரத்தைத் திறந்தால், எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை என்று இருக்கும். என் வீடியோவில் தொடக்கத்திலிருந்து 14ஆம் நொடிவரை. அந்தப் பகுதியில் டீச்சர் வாயே திறக்கவில்லை! தகரத்தில் விழும் மழைச் சத்தமும், அலைபேசிச் சுருதிச் செயலியின் தம்புரா ரீங்காரமும் மட்டுமே கேட்கின்றன. அதே செயலியைப் பின்னால் ஓடவிட்டுப் பாடிய வேறு யாரோ தன் பாட்டைப் பதிவு செய்திருக்கிறார். இயந்திரம் ரீங்காரத்தை ரீங்காரத்தோடு பொருத்திவிட்டது என்பது என் ஊகம். இந்தப் பகுதியைத் திரைப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாக் கட்டத்திலும் கைகொடுப்பது இதுதான்.

டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னபோது, “பாரதியார் பாட்டுக்கு எவனப்பா சொந்தம் கொண்டாடுகிறான்?” என்று கேட்டார். கேள்வி நியாயம்தான், ஆனால் பாதிதான் சரி. ஒரு பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று சொத்துகள் இருக்கின்றன. இந்தியச் சட்டத்தில் வரிக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. பாரதியார் மறைந்தது 1921இல். அவர் எழுத்துகளை 1949இலேயே அரசு நாட்டுடைமையாக்கியது. ஆகவே வரிகள் எல்லாருக்கும் பொது. ஆனால் அதே வரிகளுக்கு ஒரு திரை இசையமைப்பாளர் போட்ட மெட்டில் பாடினால் மெட்டு அவருடையது. டீச்சர் பாடியது அவரே அமைத்துக்கொண்ட மெட்டு. ஒலிப்பதிவு என்னுடையது. மூன்றும் சுத்தம் என்று தெரிந்த பிறகே எனக்குத் துணிச்சல் வந்தது. நீங்களும் ஒரு தாளில் மூன்று வரி எழுதி எதிரே உரிமையாளரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இடறினாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: மறுப்பு

உரிமைகோரலை மறுக்கும் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் சொந்தப் படைப்பு, உரிமம், நியாயமான பயன்பாடு, பொதுவுடைமை என்ற தேர்வுகள் இருக்கும். நான் ‘நியாயமான பயன்பாடு’ என்பதைத் தொட்டேன். பெயரே நியாயமாக இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன்! அதன் பொருள், ‘பாட்டு உங்களுடையதுதான், ஆனால் நான் எடுத்துக்கொண்ட விதம் சட்டத்துக்கு உட்பட்டது’ என்பது. நானே திருட்டை ஒப்புக்கொண்டதுபோல் ஆயிற்று. நான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியது சொந்தப் படைப்பு. பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு. அவர்கள் 29ஆம் நாள் நிராகரித்தார்கள்.

வருமானம் வரும் சேனல் என்றால், உரிமைகோரல் வந்த 5 நாளுக்குள் மறுத்துவிடுங்கள். முதல் நாளிலிருந்தே பணம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும்.

படி 4: மேல்முறையீடு

இதில் அவர்களுக்கு 7 நாள்தான். ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லை நீக்கக் கோரிக்கையே கொடுக்க வேண்டும். ஏழு நாள் கழித்து நீக்கும்படி தேதி குறித்துக் கொடுத்தால், அதற்குள் நீங்கள் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்று ஸ்டிரைக்கைத் தவிர்க்கலாம். என் விஷயத்தில் உடனே நீக்கினார்கள். ஸ்டிரைக் விழுந்தது. டீச்சரிடம் இரண்டு நாள் சொல்லவில்லை.

படி 5: எதிர் அறிவிப்பு

நீக்கிய வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்க, 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் தரும் வழி இது. தவறுதலாகவோ, வேறொன்று என்று தவறாக அடையாளம் கண்டதாலோ வீடியோ நீக்கப்பட்டது என்று நீங்கள் நல்லெண்ணத்தோடு நம்புவதாக, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுக்கிறீர்கள். அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்கள், யூடியூப் அமைந்திருக்கும் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்ற வரம்புக்குக் கட்டுப்படுவதாகவும் சம்மதிக்க வேண்டும். படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. குன்னூரில் தெரிந்த வக்கீல் சார் தாளில் நான் எழுதி வைத்த மூன்று வரிகளையும் பார்த்துவிட்டு, “உண்மையைத்தானே எழுதுகிறாய், அனுப்பு” என்றார்.

அனுப்பினேன், திரும்பி வந்தது. காரணம் என் பெயர்! சட்டப்படியான முழுப்பெயர் வேண்டும் என்று படிவம் தெளிவாகவே சொல்கிறது. நான் வழக்கம்போல் தலைப்பெழுத்தும் புள்ளியும் என் பெயரும் போட்டிருந்தேன். தலைப்பெழுத்தோடு வாழும் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கடவுச்சீட்டில் உள்ளபடி தலைப்பெழுத்தை விரித்து, அப்பா பெயரை இரண்டாம் பெயராகப் போடுங்கள். சேனல் பெயர் செல்லாது. முகவரியிலும் எஸ்டேட் பெயரோடு நிறுத்தாமல் கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாம் வேண்டும்.

விளக்கத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள். நான் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: ‘வரிகள் 1921இல் மறைந்த சுப்பிரமணிய பாரதியாருடையவை, பொதுவுடைமை. மெட்டு பாடகியுடையது. ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் என்னுடையவை. மூலக் கோப்புகள் உள்ளன. பாடகியின் எழுத்துபூர்வ அனுமதி உள்ளது. புகார்தாரரின் ஒலிப்பதிவிலிருந்து எதையும் எடுக்கவில்லை.’ இதை முதலில் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள். காற்றடித்தாலே மின்சாரம் போகும் எங்கள் ஊரில் இரண்டு முறை முழுதாகத் தட்டச்சு செய்தேன்.

அதன்பின் அமெரிக்க வேலை நாள் கணக்கில் 10 நாள். சனி, ஞாயிறு, அந்த நாட்டு விடுமுறை எதுவும் சேராது. அதற்குள் வழக்குத் தொடுத்ததற்கான சான்றை அவர்கள் காட்ட வேண்டும். காட்டவில்லை. வீடியோ வந்தது, ஸ்டிரைக் போனது.

மூலக் கோப்பு பற்றி ஒரு வார்த்தை. ஒலியைப் பதிவு செய்து தொகுக்க நான் ஆடாசிட்டி என்ற மென்பொருளையே விரும்புகிறேன். இலவசம், தடங்களைத் தனித்தனியே சேமிக்கலாம். குரல் தனித்தடத்தில் இருந்ததால்தான் மூலப்பதிவு என்னுடையது என்று தைரியமாக எழுத முடிந்தது. ‘காப்பிரைட் இல்லாத இசை’ என்று யாரோ தொகுத்துப் போட்டதை நம்பி எடுக்காதீர்கள். பின்னணி இசை வேண்டுமென்றால் யூடியூபின் சொந்த ஒலி நூலகம் போதும்.

பின்சேர்க்கை 1: எதிர் அறிவிப்பில் கொடுக்கும் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குப் போகுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போகும். இதை முதலில் எழுதாமல் விட்டது என் தவறு. வீட்டு முகவரியைத் தரத் தயங்கினால் வழக்கறிஞர் வழியாகக் கொடுக்கலாம்.

பின்சேர்க்கை 2: கொடைக்கானல் வாசகர் ஒருவர், தாத்தாவின் 1950களின் இசைத்தட்டிலிருந்து பாட்டை எடுத்து ஏரிக் காட்சிகளோடு ஏற்றியிருக்கிறார். 60 ஆண்டு முடிந்துவிட்டதே, நானும் எதிர் அறிவிப்பு கொடுக்கலாமா என்கிறார். அவசரப்படாதீர்கள் ஐயா. அமெரிக்காவில் பழைய ஒலிப்பதிவுகளுக்குக் கணக்கே வேறு. 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டு. நீங்கள் சம்மதிப்பதோ அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு. அந்தப் பாட்டை வீட்டில் யாராவது பாடத் தெரிந்தவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள். அப்போதும் வரியும் மெட்டும் யாருடையவை என்று தாளில் எழுத மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை 3: அடுத்த பாட்டையும் பதிவு செய்துவிட்டோம். டீச்சர் இந்த முறை செயலியைத் தொடவிடவில்லை. பரணில் கிடந்த பழைய சுருதிப்பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். துருத்தியில் எங்கோ ஓட்டை, நடுநடுவே மூச்சு வாங்குகிறது. அந்தச் சத்தத்தை நீக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.